சொல்லுக்குப் போனவர்

அவையில் அமைச்சர் ஒருவர் ஒன்றைப் பரிசீலிப்பதாகவோ, விசாரித்துப் பதில் தருவதாகவோ கூறினால் அது உறுதிமொழி ஆகும். உறுதிமொழி நிறைவேற்றப்பட வேண்டும். நிறைவேற்ற இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்பது அவைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். நடைமுறை இதுதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அச்சடித்து, துணி அட்டை போட்டு, பதவி ஏற்றபோதே ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டார்கள். நான் அதை மனப்பாடம் செய்தேன். மற்றவர்கள் அதைத் தலைக்கு உயரம் போதாதபோது தலையணைக்கு அடியில் வைத்தார்கள். பின்னால் யோசித்துப் பார்த்தால் அவர்கள்தான் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

புதிதாகத் தேர்வான உறுப்பினர்களுக்கு இப்போது பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். வினா நேரத்தைப் பற்றிப் பேச வர முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று பதில் போட்டேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. வினாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். பதிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதனால் அதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் கொடைக்கானல்காரன். மிஷன் பள்ளியில் படித்தேன், சென்னையில் சட்டம் முடித்தேன், பழனியில் ஒரு பெரிய வக்கீலிடம் சில வருஷம் கேஸ் கட்டுத் தூக்கினேன். முதல் பொதுத்தேர்தலில் கட்சி ஆள் தேடியபோது, மலையேறி ஓட்டுக் கேட்கிற அளவுக்குக் காலில் தெம்புள்ள வக்கீல் வேறு யாரும் அகப்படவில்லை. என் மனைவி அதற்கு முந்தைய வருஷம்தான் காலமானாள். வாக்காளர் பட்டியலில் மட்டும் அடுத்த இரண்டு தேர்தல்வரை உயிரோடு இருந்தாள். பெயரை நீக்க எந்த மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்திருந்த கடைசிக் காகிதம் அது.

எங்கள் மலையிலேயே, போளூருக்கும் அப்பால் ஒரு ஊர். பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் யாராவது ஒரு புதுக் கோப்பைத் திறந்துவிடுவார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிற ஊர். ஊருக்கு முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஓர் எல்லைக்கல் நிற்கும். அதைத் தாண்டி யாரும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. முதல் தேர்தலில் இது எனக்குத் தெரியாது. கல்லருகே வந்தபோது பூட்ஸுக்குள் ஒரு பொடிக்கல் புகுந்து குத்தியது. குனிந்து பூட்ஸைக் கழற்றினேன். எதிரே ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாடா, படிச்ச மனுசன் சொல்லாமலே கழட்டுறாரு!" என்றார் அவர்களுடைய தலைவர். அங்கே தலைவரை மன்னாடி என்பார்கள். "முன்ன வந்தவரு பூட்ஸோட ஊரு மந்தைவரைக்கும் வந்துட்டாருங்க. நாங்க ஒண்ணும் சொல்லல. ஓட்டும் போடல."

அந்த மன்னாடியின் பேச்சுக்குச் சுற்றியுள்ள மலையூர்கள் எல்லாம் கட்டுப்பட்டவை. நான் ஜெயித்தேன். என் கொள்கை விளக்க உரை பலரைக் கவர்ந்ததாகக் கட்சிப் பத்திரிகை எழுதியது.

இரண்டாம் முறை ஜெயித்து வந்த பிறகுதான் பாதை விவகாரம் வந்தது. அந்த ஊரிலிருந்து மோட்டார் வண்டி வருகிற சாலைக்கு ஒரு புல்மேட்டின் குறுக்கே பாதை. பூண்டு மூட்டைகளைச் சுமந்துகொண்டு மட்டக்குதிரைகள் அதில்தான் போகும், உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு அதில்தான் திரும்பும். அந்தப் புல்மேட்டைக் காட்டிலாகா எடுத்துக்கொண்டு, தோல் பதனிடப் பட்டை தருகிற வாட்டில் மரம் நடப்போவதாகப் பேச்சு. மரம் நட்டால் அகழியும் முள்கம்பியும் வரும். பிறகு குதிரைகள் பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த வழியில் ஆளே கயிறு பிடித்துத்தான் இறங்க முடியும். குதிரை போகாவிட்டால் பூண்டு போகாது. பூண்டு போகாவிட்டால் அந்த ஊருக்கு வேறு பிழைப்பு இல்லை.

மன்னாடி என்னை வரச்சொல்லி, எல்லைக்கல் அருகில் நிற்கவைத்து, என் இரு கைகளிலும் தண்ணீர் வார்த்தார்.

"அய்யா, இனி இந்தச் சோலி ஒங்க வாயில கெடக்கு. நீங்க போயிக் கேட்டுட்டு வாங்க. நாங்க வேற ஆருகிட்டயும் வாய் தொறக்க மாட்டோம்."

வக்காலத்துக் கொடுப்பதை இவ்வளவு அழகாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அது வக்காலத்தைவிடக் கடுமையான ஏற்பாடு என்பது பின்னால்தான் புரிந்தது. அவர்கள் வழக்கப்படி, ஊருக்காகச் சொல்லுக்குப் போனவர் தானே திரும்பி வந்து, கல்லருகே நின்று, பதிலை வாயால் சொல்ல வேண்டும். அதுவரை அந்த விஷயத்தை ஊரில் இன்னொருவர் பேசக் கூடாது. இரண்டு வாய் போனால் சொல் செத்துப்போகும். பதில் இல்லாமல் வந்தால் சொல்லுக்குப் போனவர் கல்லைத் தாண்டி உள்ளே வரவும் கூடாது.

வினா எழுதுவது ஒரு தனிக் கலை. அதில் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, அடைமொழி இருக்கக் கூடாது, நையாண்டி இருக்கவே கூடாது. கடைசி நிபந்தனை என்னை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். 'பூண்டு மூட்டைகள் தாமாகவே பறந்து சாலையை அடையும் என்று அரசு கருதுகிறதா?' என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். செயலகத்திலிருந்து சிவப்புப் பென்சில் கோட்டோடு திரும்பி வந்தது. பிறகு விதிப்படி எழுதினேன்: (அ) மேற்படி புல்மேட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் திட்டம் உண்டா? (ஆ) உண்டெனில், ஊரார் குதிரைகள் செல்ல மாற்றுவழி யாது? வாய்மொழிப் பதில் வேண்டும் என்பதற்காக நட்சத்திரக் குறி போட்டேன். வினாவைப் படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

வினா எடுத்துக்கொள்ளப்பட்டபோது அமைச்சர் எழுந்து, "(அ) திட்டம் பரிசீலனையில் உள்ளது. (ஆ) வினா எழவில்லை" என்று படித்தார். முதல் பகுதிக்கு உறுதியான பதில் இல்லாததால் இரண்டாம் பகுதி கேட்கத் தகுதி இழக்கிறது என்று பொருள். துணைக்கேள்விக்கு நான் எழுந்தேன்.

"குதிரை என்ன செய்யும், அய்யா? அதற்கும் எழாமலே இருந்துவிட வழி உண்டா?"

சிரித்தார்கள். அமைச்சரும் சிரித்தார். நல்ல மனிதர். "உறுப்பினரின் கவலை நியாயமானது. பாதையை விட்டுவைக்க முடியுமா என்று விசாரித்துப் பதில் தருகிறேன்" என்றார். உறுதிமொழி! அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. அன்று விடுதி அறைக்கு வந்து, சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால், கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து நூலகத்தில் அரசிதழைப் புரட்டியபோது அறிவிக்கை கண்ணில் பட்டது. ஒரு கையால் பதில் தருவதாகச் சொன்ன அரசு, மறு கையால் புல்மேட்டைக் காப்புக்காடாக்கும் வேலையைத் தொடங்கியிருந்தது. அதற்கும் முறை உண்டு. அதிகாரி ஒருவர் ஊருக்குப் போவார். பாதை உரிமை, மேய்ச்சல் உரிமை எதுவானாலும் குறித்த கெடுவுக்குள் அவரிடம் சொல்ல வேண்டும். எழுத்தாகக் கொடுக்கலாம், நேரில் நின்றும் சொல்லலாம். யாரும் சொல்லாத உரிமை அதோடு அழிந்துபோகும்.

உடனே மன்னாடிக்குக் கடிதம் எழுதினேன். 'அதிகாரி வருவார். பாதை எங்களுடையது என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் போதும்.' எழுதி முடித்ததும் சந்தேகம் வந்தது. தண்ணீர் வார்த்த கையும் மன்னாடி சொன்னதும் நினைவுக்கு வந்தன. நேரில் போவதே நல்லது என்று கொறடாவைத் தேடிப் போனேன்.

எங்கள் கொறடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்சி உறுப்பினர்கள் வாக்கெடுப்புக்குத் தவறாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. நல்ல உயரம், மிக மெல்லிய குரல். ஒருநாளும் யாரையும் கூப்பிட்டு அனுப்பமாட்டார். தானே வந்து பக்கத்து இருக்கையில் உட்காருவார். ஒவ்வொருவரின் பிள்ளைகளையும் பெயர் சொல்லி விசாரிப்பார். யாருக்கு அம்மை போட்டது, யார் கணக்கில் தோற்றது, எல்லாம் தெரியும். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் வீட்டுப் பேரி மரத்தை விசாரிப்பார். எப்போதோ ஒரு கூடைப் பழம் கொடுத்திருந்தேன். 'இல்லை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

மானியக் கோரிக்கைகள் மீது வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கட்சிக்குள்ளேயே ஒரு கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த சமயம். தலைகள் வேண்டியிருந்தன.

"ஊருக்குப் போக வேண்டும். அவசரம்" என்றேன்.

"போகத்தானே வேணும்" என்றார் கனிவாக. "மழை உண்டா அங்கே?"

"ஒரு ஊரின் பாதை போய்விடும், அய்யா."

"ச்சே, அப்படி விடலாமா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கோரிக்கை முடியட்டும். பேரி பூத்துருச்சா?"

"பூத்திருக்கும்."

"பூக்கும்போது மரத்தைத் தொந்தரவு பண்ணக் கூடாதும்பாங்க" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எனக்கு விடை கிடைத்துவிட்டது. மீறிப் போயிருந்தால் கட்சியிலிருந்து நீக்குவார்கள். நீக்கியபின் அமைச்சரின் உறுதிமொழியை யார் போய்க் கேட்பது? இப்படியெல்லாம் அப்போது கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கூட்டத்தொடர் முடிந்த மறுநாளே கிளம்பினேன். பெருமாள்மலையில் பேருந்து மாறும்போதே, டீக்கடையில் யாரோ கம்பிச் சுருள்கள் மேலே போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கல்லை அடைந்தபோது மூடுபனி. ஊர் வெளியே வந்து நின்றது. மன்னாடி கும்பிட்டார்.

"பதிலு வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லை. அதிகாரி வந்தாரா?"

"வந்தாருங்க. தங்கமான மனுசன். மந்தையில கூடாரம் போட்டுத் தங்குனாரு. பாலும் பழமும் குடுத்தோம். ஒங்களுக்கு ஏதும் சொல்றதுக்கு இருக்கான்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"இருக்குங்க, ஆனா எங்க சொல்லு கோட்டைக்குப் போயிருக்கு, அது திரும்பட்டும்னோம். சரின்னு எழுதிக்கிட்டாரு."

அவர் என்ன எழுதினார் என்பதைப் பிறகு நகல் வாங்கிப் பார்த்தேன். 'நேரில் விசாரித்ததில் எவரும் உரிமை எதுவும் கோரவில்லை.' அவர் பொய் எழுதவில்லை. விதிப்படி அது முற்றிலும் சரி.

"என் கடிதம் வரவில்லையா?"

"வாத்தியாரு படிச்சுக் காட்டுனாருங்க. எழுத்து ஒங்களுதுதான். ஆனா ஆள் வரலையே. காயிதத்துக்கு மூஞ்சி இருக்குங்களா?"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். குருவம்மா. கணவன் இறந்தபின் அவன் குதிரைகளைத் தானே ஓட்டிப் பிழைத்தவள். ஊரிலேயே அதிகக் குதிரைகள் அவளுடையவை. அதிக வாயும் அவளுக்குத்தான்.

"நாஞ் சொன்னேன்ய்யா. வழி வேணும்னு ஒரு வார்த்த சொல்லிருவோம், நாக்கா தேஞ்சிரும்னேன். கேட்டாகளா இந்த ஆம்பளைக?"

"நீயாவது சொல்லியிருக்கலாமே, அம்மா."

அவள் என்னை முறைத்தாள். "நல்லாருக்கே நாயம்! ரெண்டு வாய் போனா சொல்லு செத்துப்போகும்ல? ஒங்க சொல்ல நான் கொல்லவா?"

என் சொல்லைக் காப்பாற்ற அவர்கள் பாதையை விட்டுக்கொடுத்திருந்தார்கள். இதை எந்த விதியின் கீழ் எந்த அவையில் எழுப்புவது? எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு பலகை போட்டு, எனாமல் தட்டில் சோறும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் உட்காரவில்லை. என்னோடு யாரும் சாப்பிடவும் இல்லை. அதுவும் வழக்கம்.

மேல்முறையீடு செய்தேன். கோரிக்கையே வைக்காதவருக்கு மேல்முறையீடு இல்லை என்று தள்ளினார்கள். அதை நானே முன்கூட்டிச் சொல்லியிருப்பேன். மிச்சம் இருந்தது அமைச்சரின் உறுதிமொழி ஒன்றுதான். நினைவூட்டினேன். 'கவனத்தில் உள்ளது' என்றார்கள். மறுபடி நினைவூட்டினேன். அமைச்சர் மாறினார், கோப்பு புது அமைச்சரிடம் போனது. அவர் 'தொடர்புடைய அலுவலகத்தின் குறிப்புரைக்காக' அனுப்பினார். அலுவலகம் கீழே அனுப்பியது. கீழே இருந்தவர் விளக்கம் கேட்டு மேலே அனுப்பினார். கொடைக்கானல் படகுகள்கூட ஏரியைச் சுற்றினால் கரைக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் வாட்டில் கன்றுகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்தன. குதிரைகள் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போயின. ஒரு மழைக்காலத்தில் குருவம்மாவின் குதிரை ஒன்று மூட்டையோடு சரிந்து விழுந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குதிரைகளை விற்கத் தொடங்கினார்கள். விற்க மனமில்லாதவர்கள் பூண்டைக் குறைத்தார்கள்.

எப்போது மலைக்கு வந்தாலும் அந்தக் கல்லுக்குப் போவேன். போகாமல் இருந்தால் யாரும் என்னைத் திட்டப்போவதில்லை. ஆனால் என் வீட்டில் என்ன இருந்தது? பூட்டைத் திறந்தால் குளிர்ந்த காற்று வெளியே வரும், அவ்வளவுதான். அந்தக் கல்லருகே போனால் ஓர் ஊரே வந்து நின்று, வந்தாயா என்று கேட்கிற மாதிரி, பதில் வந்ததா என்று கேட்கும். 'இன்னும் இல்லை' என்பேன். சோறு வரும். தனியாகச் சாப்பிடுவேன்.

"யானைகூட ரெண்டு வருசத்துல கன்னு போட்டுருது" என்றாள் குருவம்மா ஒருமுறை. "ஒங்க கோட்டை என்னத்தச் சொமக்குது?"

"சுமக்கிறது என்பதே இன்னும் ஊர்ஜிதமாகவில்லை, அம்மா."

"அதானே பாத்தேன். வெறும் வாயுவா இருக்கப்போவுது."

மன்னாடி அவளை அதட்டினார். நான்தான் வெகுநேரம் சிரித்தேன். அந்த வருஷத்தில் வேறு யாரும் என்னைச் சிரிக்கவைத்ததாக நினைவில்லை.

அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் அந்த ஊருக்கு என்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையோடு போனார். பாதையைப் பறிகொடுத்தவன், வாயில்லாப் பூச்சி, இத்யாதி. எல்லாம் உண்மை. மன்னாடி முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க நல்லவராத்தான் இருக்கீங்க. ஆனா சொல்லு திரும்பாம ஆளை மாத்த முடியாதுங்களே" என்றாராம். மலையூர்கள் மொத்தமாக எனக்கே வாக்களித்தன. அந்த ஓட்டுகளில்தான் ஜெயித்தேன். மலைமக்கள் மத்தியில் என் செல்வாக்கு அசைக்க முடியாதது என்று பத்திரிகைகள் எழுதின. நீண்டகால உறுப்பினர் என்று இன்று என்னை மேடைகளில் அறிமுகப்படுத்துகிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் வராததால் நீண்டது அந்தக் காலம்.

அறுபத்தேழில் காற்று மாறியது. நல்ல வித்தியாசத்தில் தோற்றேன். வாக்கு எண்ணும்போது அந்த ஊர்ப் பெட்டி திறந்ததும் ஏஜெண்டுகள் சிரித்தார்கள். எடுத்த சீட்டெல்லாம் எனக்கே. தோற்றபின் எனக்கு வந்த ஒரே கடிதம் பழைய கொறடாவுடையது. அவரும் தோற்றிருந்தார். 'பேரி எப்படி?' என்று மட்டும் கேட்டிருந்தார். இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் என்று நினைக்கிறேன். ஒரு கூடை அனுப்பினேன்.

உறுப்பினராக இல்லாதவன் உறுதிமொழியைப் பற்றிக் கேட்க விதி இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டே இருந்தேன். புதிதாக வந்தவர்கள் பழைய நிலுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கடிதமும் துடைப்பத்தில் அகப்பட்டிருக்க வேண்டும். அரசு முத்திரையோடு ஓர் உறை வந்தது.

'மேற்படி பாதையைத் தற்போது பயன்படுத்துவோர் எவரும் இல்லை என விசாரணையில் தெரியவருவதால், மாற்றுவழி குறித்த வினா எழவில்லை.'

மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனேன். கல்லருகே நின்று பூட்ஸைக் கழற்றினேன். முன்போல் ஊர் திரளவில்லை. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. மன்னாடி கோலை ஊன்றி, மகன் தோளைப் பிடித்து வந்தார். குருவம்மா பின்னால் வந்தாள்.

"வந்துருச்சுங்களா?" என்றார் மன்னாடி.

"வந்துவிட்டது. பாதை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்."

"இல்லைங்கிறாக."

"ஆமாம். அதில் யாரும் போவதில்லையாம். அதனால் தர வேண்டியதில்லையாம்."

குருவம்மா ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பா அழுகையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னாடி கோலை மாற்றி ஊன்றி, வாட்டில் மரங்களைப் பார்த்தார்.

"சரிங்க. இல்லைங்கிறதும் பதிலுதான். நீங்க கொண்டாந்துட்டீங்க." என் கைகளில் மறுபடி தண்ணீர் வார்த்தார். "உள்ள வாங்க."

சொல்லுக்குப் போனபின் முதன்முறையாக அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டேன். வாசல் தூணில் குதிரை மணிகள் கோத்து மாட்டியிருந்தன. காற்றடித்தபோது ஆடின. குருவம்மா எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினாள். ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

கிளம்பும்போது மன்னாடி கேட்டார். "பதிலு ஒங்க கைக்கு வந்தது என்னைக்குங்க?"

"எதற்கு?"

"அன்னையோட சோலி முடிஞ்சதுன்னு வச்சுக்கிறது வழக்கம்ங்க. இனி நீங்க இம்புட்டுத் தூரம் மலையேறி அலைய வேணாம். நாங்களும் ஒங்கள எதிர்பாத்து நிக்க மாட்டோம்."

என்னை விடுவிப்பதாகத்தான் சொன்னார். இதைவிட மரியாதையாக எந்த அவையும் என்னை வழியனுப்பியதில்லை. முந்தின நாள்தான் வந்தது என்றாலும், வீட்டில் போய்ப் பார்த்து இன்னொருமுறை வந்து சொல்கிறேன் என்று இழுக்க நினைத்தேன். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. சொன்னேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, கார்த்திகை மாதம், தீபத்துக்கு மறுநாள்.